சுரண்டல் கணக்கு

எங்கள் குடியிருப்பில் இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு கைக்குழந்தை. இரண்டாம் மாடியில் இருக்கும் அது பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. ஒருநாள் எதையோ மென்றுகொண்டிருக்க, பாட்டி அதன் வாயில் விரலை விட்டு எடுத்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைச் செதில். கம்பியிலிருந்து உரிந்த பெயிண்ட். பாட்டி அதைக் காகிதத்தில் மடித்து நேராக என் வீட்டுக்கு எடுத்து வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் பிரித்து வைத்தார்.

"நீதானேம்மா செக்ரட்டரி? பாரு."

பார்த்தேன். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் செங்காவி, அதற்கும் அடியில் விரலில் ஒட்டும் துருப்பொடி. கட்டடம் 1998ல் கட்டியது. அதன் ஜாதகமே அந்தச் செதிலில் இருந்தது.

நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. இரவு தெரு அடங்கிய பிறகு அலைச் சத்தம் கேட்கும் என்று வீடு விற்பவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். அந்த அலை உடையும்போது தெறிக்கிற உப்பும் காற்றோடு வந்து நம் வீட்டுக் கம்பியில் உட்காரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 32 வீடுகள், இரண்டு பிளாக், நாலு மாடி. பால்கனி கிரில், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, மொட்டைமாடிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஏணி, வாசல் கேட், ஏசி ஸ்டாண்டு என்று இரும்பு எத்தனை இருக்கிறது என்பதே எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்தான் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்திருந்தோம். ஐப்பசியில். தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும் என்று சங்கத்தில் எல்லோருக்கும் அவசரம். அன்றைய ஒப்பந்தக்காரர் பெரிய கம்பெனி டப்பாக்களை வாசலில் அடுக்கிக் காட்டினார். நாங்களும் டப்பாவைப் பார்த்துத் திருப்தி அடைந்தோம். மழை விட்ட இடைவெளியில் ஈரக் கம்பியின் மேல், துருவின் மேல், பழைய பொருக்கின் மேல், தின்னரைத் தாராளமாக ஊற்றிய பெயிண்டை இழுத்துவிட்டுப் போனார்கள். தீபாவளிக்குப் பளபளவென்றுதான் இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் கம்பியெல்லாம் அம்மை போட்ட மாதிரி பொரிந்துவிட்டது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாங்கள் கேட்டது பளபளப்பு, அவர் கொடுத்ததும் அதுதான்.

இந்த முறை மூன்று விலைப்பட்டியல் வாங்கினோம். முதல் இரண்டும் கணினியில் அச்சடித்து வந்தன: கம்பெனி பெயர், எத்தனை கோட், சதுர அடிக்கு எவ்வளவு. பழைய பெயிண்டைச் சுத்தம் செய்வது பற்றி இரண்டிலும் ஒற்றை வரி. மூன்றாவது, பள்ளிக்கூட நோட்டுத்தாளில் கையால் எழுதியது. விழுப்புரம் பக்கத்து மேஸ்திரி ஒருவர் கொடுத்தார். அதில் முதல் வரியே "சுரண்டல்: 4 ஆள், 11 நாள்". பெயிண்டின் பெயர் கடைசியில் இருந்தது. மொத்தத் தொகை மற்ற இரண்டையும்விடக் கூடுதல்.

கூட்டத்தில், "சுரண்டறதுக்கா இவ்வளவு காசு?" என்று ஒருவர் கேட்டார். மேஸ்திரி நின்றபடியே சொன்னார்: "பெயிண்ட் அடிக்க யாராலயும் முடியும் சார். உங்க வீட்டுப் பையனே அடிச்சிடுவான். அது நிக்கிறது சொரண்டுறதுலதான் இருக்கு."

வேலையை அவருக்கே கொடுத்தோம். பிறகு நான் வாட்ஸ்அப் குழுவில் "திங்கட்கிழமை முதல் சுரண்டல் ஆரம்பம் – செயலாளர்" என்று போட்டேன். பி பிளாக்காரர் ஒருவரிடமிருந்து உடனே பதில்: "அப்ப இத்தனை நாள் நடந்தது என்ன மேடம்?" பராமரிப்புக் கட்டணம் ஏறியதிலிருந்து அவருக்கு இந்தக் குறும்பு உண்டு.

மேஸ்திரி முதல் நாள் வந்தபோது நிறங்களின் அட்டை எதுவும் கொண்டுவரவில்லை. கையில் ஒரு பிளேடு, ஒரு செலோ டேப் சுருள், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு சாக்பீஸ். கம்பியில் பிளேடால் பெருக்கல் குறி கீறுவார். அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுப்பார். டேப்போடு பெயிண்ட் வந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம். அடிவரை சுரண்ட வேண்டும். வராவிட்டால் கோடு; உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, பளபளப்பைக் கொன்றால் போதும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் சொத்தென்று கேட்ட இடங்களில் பெருக்கல் குறி. அங்கே பெயிண்டருக்கு வேலையில்லை, வெல்டர் வர வேண்டும்.

எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடி மட்டும் வேறு மாதிரி உரிந்திருந்தது. பால்கனிக் கம்பிகளில் கொப்புளம் கொப்புளமாக, உடைத்தால் உள்ளே பழுப்பு. மாடியிலோ பாம்பு சட்டை உரித்தது போல முழம் முழமாக வந்தது. அடியில் துருவே இல்லை, சாம்பல் நிறத்தில் பளபளப்பான குழாய், அங்கங்கே வெள்ளைப் பொடி.

"இது ஜிஐ பைப்பு மேடம். துத்தநாகம் பூசினது. துரு பிடிக்கக் கூடாதுன்னு போட்டாங்க. அதுலயே நேரா எனாமல் அடிச்சா ஒட்டாது, உரிஞ்சிடும்."

ஏன் ஒட்டாது என்று தேடிப் படித்தேன். சாதாரண எனாமல் பெயிண்டின் உடம்பு எண்ணெயிலிருந்து செய்த பிசின். அந்த எண்ணெய் அமிலமும் துத்தநாகமும் ஈரத்தோடு சேர்ந்து வினைபுரிந்தால் கிடைப்பது சோப்பு. சோப்பேதான், கெமிஸ்ட்ரி வகுப்பில் படித்த அதே சமாச்சாரம். நம் கண்ணுக்குத் தெரியாமல் குழாய்க்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரு சோப்புப் படலம் உருவாகிக்கொண்டே இருக்கும். சோப்பின் மேல் எது நிற்கும்? எத்தனை விலை உயர்ந்த எனாமல் வாங்கினாலும் கதி இதுதான். துத்தநாகத்தின் மேல் முதலில் எட்ச் பிரைமர் என்ற, பாஸ்பாரிக் அமிலம் கலந்த மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். அது உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு மேலே என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். 25 வருடமாக எங்கள் மாடியில் நாலைந்து முறை பெயிண்ட் அடித்திருக்கிறோம். ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

பால்கனிக் கம்பி சாதாரண இரும்பு. அதன் வியாதி வேறு. இரும்பு துருவானால் முன்பு அடைத்துக்கொண்டிருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் பெயிண்டைத் தூக்குகிறது. சரி, பெயிண்ட் மூடியிருக்கும்போது தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று? அங்கேதான் உப்பு வருகிறது. மாவடு ஊறப்போட்டவர்களுக்கு இது புரியும். உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஜாடியில் நீர் விட்டிருக்கும். மாங்காயிலிருந்து உப்பு அதை இழுத்திருக்கும். கம்பியைக் கழுவாமல் பெயிண்ட் அடித்தால், அடியில் மாட்டிக்கொண்ட உப்பும் வெளியே இருக்கும் ஈரத்தைப் பெயிண்டின் வழியாகவே இழுக்கும். பெயிண்ட் நாம் நினைப்பது போல பிளாஸ்டிக் உறை அல்ல. எனாமல் ஒரு கோட் காய்ந்து நிற்பது சுமார் 25, 30 மைக்ரான்தான். தலைமுடி ஏறக்குறைய 70.

ஆகவே சுரண்டுவதற்கும் முன்பு கழுவ வேண்டும். எதில்? எங்கள் போர்த் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கடல்காற்று செய்கிற வேலையை நாமே பக்கெட்டில் எடுத்துச் செய்த மாதிரி. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ லாரித் தண்ணீர்தான் வேண்டும் என்றார் மேஸ்திரி. "குடிக்கிற தண்ணியில கம்பி கழுவறதா?" என்று குழுவில் இரண்டு நாள் சண்டை. கடைசியில் முதல் கழுவல் போர்த் தண்ணீர், அலசல் மெட்ரோ தண்ணீர் என்று சமரசம். பாதி பாவம்.

இனி, ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இதைச் செய்வது. காலிக் கட்டடம் என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 32 வீட்டிலும் சமையல் நடக்கிறது, துணி காய்கிறது, தாத்தா கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறார்.

முதல் சிக்கல் மாதம். சென்னையில் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்க நல்ல காலம் மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி, தை பனி. சித்திரை பிற்பாதியில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் கம்பி தோசைக்கல். தூரிகை ஓடுவதற்குள் பெயிண்ட் இழுத்துக்கொண்டு சுருங்கும். மாசி, பங்குனி என்றால் மார்ச். மார்ச் என்றால் பொதுத்தேர்வு. எங்களிடம் பிளஸ் டூ மூன்று பேர், பத்தாம் வகுப்பு இரண்டு. கம்பி பிரஷ் போடும் சத்தத்தில் யார் படிப்பது?

ஏ பிளாக்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதற்கு ஒரு வழி சொன்னார். தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கி 1:15 வரை. அந்த நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் இல்லை. ஆகவே தேர்வு நாளில் சுரண்டல். தேர்வுக்கு நடுவே வரும் படிப்பு விடுமுறையில் தூரிகை. தூரிகைக்குச் சத்தமில்லை. தேர்வு அட்டவணையையே வேலை அட்டவணையாக லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம். கணிதத் தேர்வன்று ஏ பிளாக் மூன்றாம் மாடி, வேதியியலன்று பி பிளாக் வாசல் கேட் என்று.

ஆனால் ஒரு விதியை மட்டும் மேஸ்திரி விட்டுக்கொடுக்கவில்லை. சுரண்டிய இரும்புக்கு அன்றைக்கே பிரைமர் போட்டாக வேண்டும். வெறும் இரும்பைக் கடற்கரையில் ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அதனால் முடிகிற அளவுக்கு மட்டுமே சுரண்டுவார்கள். கிழக்கு பார்த்த பால்கனிகள் இன்னும் மோசம். நண்பகலுக்கு மேல் கடல்காற்று நேராக அங்கேதான் அடிக்கும். அதற்குள் பிரைமரும் முடிய வேண்டும் என்பதால் அந்த வீடுகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொண்டோம். ஞாயிறு தூக்கம் போனவர்கள் என்னை லிஃப்டில் பார்த்தால் இன்னும் சிரிப்பதில்லை.

ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கக் கூடாது, இரும்பின் சூடு பனி படியும் நிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்றெல்லாம் தொழிற்சாலைகளில் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். மேஸ்திரியின் கருவி ஒரு ஈரத்துணி. கம்பியில் ஓரிடத்தில் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். கால் மணி நேரத்தில் திரும்பி வரும்போது அந்த ஈரம் காய்ந்திருந்தால் வேலை. இல்லையென்றால் இன்னொரு டீ.

அடுத்தது அந்தப் பச்சைச் செதில். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மத்திய அரசு கொண்டுவந்தது 2016ல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். எங்கள் செங்காவியும் நீலமும் அதற்கு வெகு முந்தியவை. ஈயம் இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருப்பதைவிட, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வோம் என்று முடிவு செய்தோம். உலர்ந்த கம்பியில் கிரைண்டர் போட்டுத் தூள் கிளப்பக் கூடாது. வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். கீழே தார்ப்பாய், ஆட்களுக்கு முகக்கவசம், பக்கத்து வீடுகளில் அந்த மூன்று மணி நேரம் ஜன்னல் மூடியிருக்க வேண்டும். மாலையில் துடைப்பம் எடுக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சுரண்டிய தூளைச் சாக்குப்பையில் கட்டி, காலி டப்பாக்களோடு அபாயக் கழிவு என்று தனியாக எழுதிக் கொடுத்தோம். இந்த இடத்தில்தான் 11 நாள் என்பது 16 நாள் ஆனது. கூடுதல் செலவுக்குக் கையெழுத்து வாங்கப் போன வீடுகளிலெல்லாம் நான் அந்தச் செதிலையும் எடுத்துப் போனேன். அதற்குமேல் யாரும் பேசவில்லை. குழந்தைக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பாட்டி மட்டும் பால்கனிக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போட்டே வைத்திருக்கிறார்.

வெல்டர் கதையைச் சொல்லியாக வேண்டும். மேஸ்திரி சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் சுரண்டினால், பல இடங்களில் இரும்பே இல்லை, பெயிண்ட்தான் இருந்தது. மொட்டைமாடிக் கைப்பிடியின் கால்கள் சிமெண்டுக்குள் புதைகிற இடத்தில் இரண்டு, விரலால் அழுத்தினாலே உள்ளே போயின. துத்தநாகம் பூசிய குழாய்தான், ஆனால் சிமெண்ட் விளிம்பில் தண்ணீர் தேங்கித் தேங்கிப் பூச்சைத் தின்று முடித்திருந்தது. பொங்கலுக்குப் பிள்ளைகள் அந்தக் கைப்பிடியில் சாய்ந்துதான் பட்டம் விட்டார்கள். ஏசி ஸ்டாண்டு மூன்று, போல்ட் பக்கம் அப்பளம். அதற்கு நேர் கீழே சைக்கிள் நிறுத்துமிடம். ஸ்டாண்டு வீட்டுக்காரர் செலவா சங்கத்தின் செலவா என்று ஒரு வாரம் வாதாடிவிட்டு, விழுந்தால் யார் தலை என்று யாரோ கேட்ட பிறகு சங்கமே ஏற்றது. அந்தக் குழந்தை செதிலை வாயில் போடாமல் இருந்திருந்தால் இதெல்லாம் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

துருப்பிடித்த ஓரங்களில், பிரஷ் நுழையாத வளைவுகளில், கறுப்பாக்கும் மருந்து ஒன்று தடவினார்கள். துரு மாற்றி என்கிறார்கள். சிலவற்றில் டானின் இருக்கிறது. அது துருவோடு சேர்ந்து கருநீலமாக இறுகிவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே நம் முன்னோர், அதே வித்தை. அந்த மை காய்ச்சிய ஆட்கள் எங்கள் பால்கனியைப் பார்த்தால் ரசித்திருப்பார்கள்.

மேஸ்திரியிடம் நான் ரசித்த இன்னொன்று: பிரைமர் முழுதாக அடிக்கும் முன், பட்டைக் கம்பியின் விளிம்பு, வெல்டிங் வைத்த முடிச்சு, போல்ட் தலை இவற்றுக்கு மட்டும் சின்னத் தூரிகையால் தனியாக ஒரு கை. பெயிண்ட் காயும்போது கூர்விளிம்பிலிருந்து விலகிச் சமதளத்துக்கு ஓடிவிடுமாம்; விளிம்பில் மிஞ்சுவது பாதிகூட இராது. துரு முதலில் அங்கேதான் தலைகாட்டும். அவருடைய ஆட்களில் ஒரு பையன் இதைத் தவிர்க்கப் பார்த்தான். "டேய், ஓரத்த வுட்டா ஊரே சிரிக்கும்டா" என்று ஒரு சத்தம் வந்தது கீழிருந்து.

நிறம் பற்றி நடந்த சண்டையை எழுதப்போவதில்லை. சாம்பல். அவ்வளவுதான்.

மாடிப்படிக் கைப்பிடிதான் எல்லோரையும் தொட்ட வேலை. எனாமல் தொட்டுப் பார்க்கக் காய நாலைந்து மணி, இறுகிக் கெட்டியாக ஒரு நாள். ஒரு நாள் முழுக்க யாரும் கைப்பிடியைத் தொடாமல் நாலு மாடி இறங்க வேண்டும். மூடின படிக்கட்டில் தின்னர் வாடையும் நிற்கும், ஆஸ்துமாக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் வெளியே பழைய வகை எனாமல், உள்ளே தண்ணீரில் கரைக்கும் வகை என்று பிரித்தோம். வெறும் இரும்பு தெரிந்த இடங்களில் மட்டும் உள்ளேயும் தின்னர் பிரைமர்தான். பிரைமர் அடித்த அந்த ஒரு சாயங்காலம் மட்டும் நிலைவாசலில் விளக்கு ஏற்ற வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை. என் நேரம்.

லிஃப்ட் இருக்கிறதே, பெரியவர்கள் அதில் வரட்டும் என்பது திட்டம். கடைசிக் கோட் அடித்த அன்று மூன்று மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. நாலாம் மாடித் தாத்தா மருந்து வாங்க இறங்கியிருக்கிறார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே திரும்புகிற இடத்தில், சாம்பல் பெயிண்டில் அவருடைய வலதுகை ஐந்து விரலும் ரேகையோடு பதிந்துவிட்டது. மேஸ்திரி மறுநாள் தேய்த்து அடிக்கிறேன் என்றார். வேண்டாம் என்றோம்.

போன மாதம் ராமேஸ்வரம் போனபோது பாம்பனைக் கடந்தேன். 1914ல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் அந்த உப்புக்காற்றில் நின்றது. அடிக்க அடிக்கப் பெயிண்ட் தின்றுகொண்டே நின்றது. கப்பலுக்காகத் தூக்குகிற நடுப்பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ரயில் ஊர்ந்து போகையில் எல்லோரும் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பி விளிம்பையும் போல்ட் தலையையும் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் புத்தி இனிப் போகாது.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை விலைப்பட்டியல் வந்தால், பெயிண்ட் பெயரைப் பார்க்கும் முன் சுரண்டுவதற்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். இந்த மழைக்காலம் முடிந்து எங்கள் இரண்டு பிளாக்கையும் டேப்பும் கையுமாகச் சுற்றிப் பார்த்தேன். பி பிளாக் வாசல் கேட்டில், கீல் பக்கம், மிளகளவு ஒரு கொப்புளம். உப்புத்தாளும் அரை லிட்டர் பிரைமரும் வாட்ச்மேன் அறையிலேயே இருக்கின்றன. மறுநாள் வெயில் வந்ததும் நானே சுரண்டிவிட்டேன்.